பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு எப்படி? ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் நிறக்கணக்கு

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குள் பாதிதான் செல்லுபடியாகும். பச்சையும் பச்சையும் சேர்ந்த ஜோடியின் பெட்டியில் திடீரென்று ஒரு நீலக் குஞ்சு இறகு விடும். நீல ஆணையும் பளிச்சென்ற மஞ்சள் பெண்ணையும் ஜோடி போட்டால் ஐந்து குஞ்சும் காட்டுப் பச்சையாக வந்து நிற்கும். காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மாடியில் நாலு கூண்டு வைத்திருப்பவர் இதைப் பார்த்ததும் பறவை விற்றவரைச் சந்தேகப்படுவார். இல்லையென்றால் பக்கத்துக் கூண்டு ஆணை. பெரும்பாலும் இருவர் மேலும் தப்பிருக்காது. பறவையின் மேல் தெரிவது அது சுமக்கும் நிறங்களில் ஒரு பங்குதான். தெரியாத பங்கையும் கணக்கில் எடுக்கப் பழகிவிட்டால், முட்டை வைக்கும் முன்பே என்னென்ன குஞ்சு வரலாம், எது வரவே வராது என்று சொல்லிவிடலாம்.

எந்தப் பறவை என்பதில் முதலில் தெளிவு வேண்டும்

வேலூர்ப் பக்கம் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் கடையில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் பட்ஜி. அது ஆஸ்திரேலியக் கிளி, நீண்ட வால். இங்கே பேசுவது 'ஆப்பிரிக்கன்' என்று தனியாகக் கேட்டு வாங்கும், வால் குட்டையான, அலகு தடித்த பறவையைப் பற்றி. அகபோர்னிஸ் என்ற அந்தப் பேரினத்தில் 9 இனங்கள் உண்டு. வீட்டுக் கூண்டுகளில் பரவலாக இருப்பவை மூன்று: பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க்.

ஃபிஷருக்கும் மாஸ்க்குக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தடிப்பாக இருக்கும். இவற்றை 'ஐ ரிங்' என்பார்கள். பீச் ஃபேஸுக்கு அந்த வளையம் இல்லை. இது வெறும் அழகு விஷயமல்ல. ஒரே பெயருள்ள நிறம் பீச் ஃபேஸில் ஒரு விதமாகவும் ஐ ரிங்கில் வேறு விதமாகவும் வாரிசுக்கு இறங்கும். பீச் ஃபேஸையும் ஐ ரிங்கையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சு மலடாகிவிடும். ஃபிஷரையும் மாஸ்க்கையும் சேர்த்தால் குஞ்சு மலடாகாது, அதுதான் தொல்லை. கலப்பு அடுத்தடுத்த தலைமுறைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிஷர் என்று வாங்கிய பறவையின் தலையில் கரி பூசினாற்போல் இருந்தால் மாஸ்க் ரத்தம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்க் கூண்டுகளில் நீல ஃபிஷர் என்ற பெயரில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு.

இறகில் பச்சைச் சாயமே இல்லை

கணியம்பாடிப் பக்கம் நின்று பார்த்தால் ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும். ஏறிப்போய்ப் பார்த்தால் மண்ணிலும் மரத்திலும் நீலம் ஒட்டியிருக்காது. லவ் பேர்ட் இறகின் நீலமும் ஏறக்குறைய அந்தச் சாதிதான், சாயம் அல்ல. இறகிழைக்குள் பஞ்சு போல நுண்துளைகள் கொண்ட ஓர் அடுக்கு உண்டு. அது நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கு அடியில் இருக்கும் மெலனின் என்ற கருப்புச் சாயம் மற்ற ஒளியை விழுங்கிவிடுகிறது. இந்த நீலத்தின் மேல் சிட்டகோஃபுல்வின் என்ற மஞ்சள் சாயம் படிந்திருப்பதால் கண்ணுக்குப் பச்சை தெரிகிறது. முகத்தின் ஆரஞ்சும் சிவப்பும் அதே சாயக் குடும்பம்.

ஆக மூன்று சரக்கு: மஞ்சள்-சிவப்புச் சாயம், கருப்பு மெலனின், பஞ்சு அடுக்கு. இவற்றில் ஒன்று தடைபட்டாலோ மாறினாலோ அதுதான் 'மியூட்டேஷன்'. மஞ்சள் உற்பத்தி நின்றால் உடம்பு நீலம், முகம் வெள்ளை. மெலனின் நின்றால் லுட்டினோ: உடம்பு மஞ்சள், முகச் சிவப்பு அப்படியே, கண் சிவப்பு. இரண்டும் நின்றால் அல்பினோ. மெலனின் கருப்பாக வராமல் பழுப்பாக வந்தால் சின்னமன். பஞ்சு அடுக்கின் அமைப்பு மாறி நிறம் ஆழமானால் டார்க் ஃபேக்டர். மெலனின் திட்டுத்திட்டாக விடுபட்டால் பைட். ஓபலினில் சாயம் குறைவதில்லை, பரவும் இடம்தான் மாறுகிறது. பீச் ஃபேஸ் ஓபலினுக்குத் தலை முழுவதும் சிவப்புக் குல்லா போட்டது போல ஆகும், இடுப்பில் இருக்க வேண்டிய நீலம் பச்சையாகிவிடும்.

பீச் ஃபேஸில் 'ப்ளூ' என்று விற்பதை அப்படியே நம்ப வேண்டாம். மஞ்சள் முழுதாக நிற்காமல் குறைந்துபோன அக்வாவோ டர்க்காய்ஸோதான் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. பார் ப்ளூ என்பதும் இவற்றைத்தான். அதனால் பீச் ஃபேஸ் அக்வாவில் இனோ, அதாவது மெலனினை நிறுத்தும் குணம், சேர்ந்தால் தூய வெள்ளை கிடைக்காது; வெண்ணெய் நிறத்தில் க்ரீமினோ கிடைக்கும்.

கேரட்டும் பீட்ரூட்டும் கொடுத்தால் முகச் சிவப்பு ஏறும் என்ற பேச்சுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. கேனரிக் குருவியின் நிறம் தீனியால் மாறும். கிளிக் குடும்பம் தன் மஞ்சள்-சிவப்புச் சாயத்தைத் தானே உடம்பில் தயாரித்துக்கொள்கிறது, தீனியிலிருந்து எடுப்பதில்லை. கேரட் உடம்புக்கு நல்லது, கொடுங்கள், நிறத்துக்காக வேண்டாம். வளர்ந்த பச்சைப் பறவைக்கு நடுவயதில் அங்கங்கே சிவப்பு இறகு முளைத்தால் புது மியூட்டேஷன் என்று மகிழவும் வேண்டாம். கல்லீரல் கோளாறிலும் அப்படி வரும், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு சீட்டு

ஒவ்வொரு நிறக்குணத்துக்கும் பறவையிடம் இரண்டு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தகப்பன் கொடுத்தது, இன்னொன்று தாய் கொடுத்தது. குஞ்சுக்கு ஒரு சீட்டைத்தான் கொடுக்க முடியும். எதைக் கொடுப்பது என்பது குலுக்கல்.

மஞ்சள் சாயத்துக்கான சீட்டில் 'செய்' என்றும் 'செய்யாதே' என்றும் இரண்டு வகை. ஒரு 'செய்' இருந்தாலே வேலை நடந்துவிடும், பறவை பச்சையாகத்தான் இருக்கும். இரண்டுமே 'செய்யாதே' என்றால்தான் நீலம். இப்படி இரண்டு சீட்டும் சேர்ந்தால் மட்டும் வெளியே வரும் நிறம் ஒடுங்கு நிறம். வளர்ப்பவர்கள் 'ரிசெஸிவ்' என்பார்கள். ஒரு சீட்டை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு பச்சையாகத் திரியும் பறவைக்கு 'ஸ்ப்ளிட்' என்று பெயர். எழுதும்போது 'பச்சை / நீலம்' என்று சாய்கோடு போடுவது வழக்கம். கோட்டுக்கு இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் ஒளிந்திருப்பது.

இனி நீலத்தின் கணக்கு இது:

பச்சை × நீலம்: எல்லாம் பச்சை / நீலம்.
பச்சை / நீலம் × நீலம்: பாதி நீலம், பாதி பச்சை / நீலம்.
பச்சை / நீலம் × பச்சை / நீலம்: கால் பங்கு நீலம், பாதி பச்சை / நீலம், கால் பங்கு சுத்தப் பச்சை.
நீலம் × நீலம்: எல்லாம் நீலம். இதில் பச்சை வந்தால் தகப்பன் வேறு.

மூன்றாவது வரிதான் முதலில் சொன்ன புதிருக்கு விடை. அதே வரியில் ஒரு பொறியும் இருக்கிறது. அந்தப் பெட்டியில் வரும் பச்சைக் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு ஸ்ப்ளிட், ஒன்று சுத்தம்; பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இதை 'பாசிபிள் ஸ்ப்ளிட்' என்று சொல்லி விற்பவர் நேர்மையானவர். 'ஸ்ப்ளிட்' என்று அடித்துச் சொல்பவரிடம், தாயும் தகப்பனும் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். பெற்றோரில் ஒன்றாவது நீலமாக இருந்தால்தான் பச்சைக் குஞ்சு நிச்சய ஸ்ப்ளிட். பொய்கைச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஸ்ப்ளிட்டுக்கு அப்படிப் பார்க்கப் பல் கிடையாது. பெற்றோரைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகப் பறவையைச் சோதிக்க வழி உண்டு. அதை நீலத்தோடு ஜோடி போடுங்கள். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் ஸ்ப்ளிட் என்பது உறுதி. வராவிட்டால் பொறுமை தேவை. ஸ்ப்ளிட்டாக இருந்தும் ஐந்து குஞ்சும் பச்சையாகவே வர 32-இல் ஒரு வாய்ப்பு, ஏழு குஞ்சு என்றால் 128-இல் ஒன்று. ஏழு பச்சைக்குப் பிறகு ஸ்ப்ளிட் இல்லை என்று முடிவு கட்டலாம்.

'கால் பங்கு' என்றால் நாலு குஞ்சில் ஒன்று கட்டாயம் என்று பொருளல்ல. ஒவ்வொரு முட்டைக்கும் குலுக்கல் புதிதாக நடக்கிறது. முந்தைய முட்டையில் என்ன வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஸ்ப்ளிட் ஜோடியின் நாலு குஞ்சில் ஒன்றுகூட நீலமாக வராமல் போக 100-க்கு 32 வாய்ப்பு இருக்கிறது. ஒரு ஈட்டைப் பார்த்துவிட்டு ஜோடியைப் பிரிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

தாய்க்கு ஒரு சீட்டுதான்: ஓபலின், பீச் ஃபேஸ் இனோ, சின்னமன்

சில நிறங்களின் சீட்டு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மனிதர்களுக்கு நேர் எதிர், குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாய். நிறச் சீட்டு இசட்டில் மட்டும் இருக்கும். ஆகவே ஆணிடம் இரண்டு சீட்டு, பெண்ணிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று என்ன சொல்கிறதோ அதுவே பெண்ணின் நிறம்; ஒளித்து வைக்க அவளிடம் இரண்டாவது சீட்டு இல்லை.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஓபலினுக்கு ஸ்ப்ளிட் பெண் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. 'க்ரீன் ஸ்ப்ளிட் ஓபலின் ஃபீமேல்' என்று யாராவது விலை சொன்னால், அவருக்குத் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஓபலின் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு போட்டால் மகள்கள் எல்லாம் ஓபலின், மகன்கள் எல்லாம் ஸ்ப்ளிட். மாற்றிப் போட்டு, சாதாரண ஆணுக்கு ஓபலின் பெண் என்றால் ஒரு ஓபலின்கூட வராது. மகன்கள் ஸ்ப்ளிட், மகள்கள் வெறும் சாதாரணம். அதே இரண்டு நிறம்தான், ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றியதில் பலன் தலைகீழாகிறது. ஸ்ப்ளிட் ஆண் × சாதாரணப் பெண் என்றால் மகள்களில் பாதி ஓபலின். மகன்களில் பாதி ஸ்ப்ளிட், எது என்று தெரியாது. ஸ்ப்ளிட் ஆண் × ஓபலின் பெண் என்றால் மகனிலும் பாதி, மகளிலும் பாதி ஓபலின். ஓபலின் ஆண் தேவைப்படுபவருக்கு இந்த ஜோடி உதவும்.

ஒரே ஓபலின்தான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் ஆணாக வாங்குங்கள். முதல் ஈட்டிலேயே ஓபலின் குஞ்சு கிடைக்கும். கூடுதல் லாபம் ஒன்று: ஓபலின் ஆண் × சாதாரணப் பெண்ணின் குஞ்சுகளில் ஓபலினாக வந்தது எல்லாம் பெண், வராதது எல்லாம் ஆண். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்தப் பறவையில், டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு இறகு பிடுங்கி அனுப்பும் வேலை மிச்சம்.

லுட்டினோவில்தான் பலர் குழம்புவார்கள். பீச் ஃபேஸ் இனோ பாலினத்தோடு ஒட்டியது. ஓபலின் கணக்கு அப்படியே பொருந்தும். ஃபிஷரிலும் மாஸ்க்கிலும் பொதுவாகக் கிடைக்கும் இனோ அப்படியல்ல, நீலம் போலச் சாதாரண ஒடுங்கு நிறம். லுட்டினோ ஆணைச் சுத்தப் பச்சைப் பெண்ணோடு போட்டால் பீச் ஃபேஸில் மகள்கள் எல்லாம் லுட்டினோ. ஃபிஷரில் அதே ஜோடிக்கு எல்லாக் குஞ்சும் பச்சை / இனோ. பெண்ணும் ஸ்ப்ளிட் ஆகலாம். ஓபலின் மட்டும் ஃபிஷரிலும் பீச் ஃபேஸிலும் பாலினத்தோடு ஒட்டியதே.

ஒளிக்கத் தெரியாத நிறங்கள்

டார்க் ஃபேக்டருக்கும் வயலட்டுக்கும் ஸ்ப்ளிட் கிடையாது. ஒரு சீட்டு இருந்தால் ஓரளவு தெரியும், இரண்டு இருந்தால் முழுதாகத் தெரியும். முன்னது 'சிங்கிள் ஃபேக்டர்', பின்னது 'டபுள் ஃபேக்டர்'. பச்சையில் டார்க் ஒன்று ஏறினால் டார்க் க்ரீன், இரண்டு ஏறினால் ஆலிவ். நீலத்தில் ஒன்று ஏறினால் கோபால்ட், இரண்டு ஏறினால் சாம்பல் கலந்த மாவ். கோபால்ட் × கோபால்ட் என்றால் கால் நீலம், பாதி கோபால்ட், கால் மாவ். கோபால்ட் மட்டுமே வேண்டும் என்பவர் நீலத்தையும் மாவையும் சேர்க்க வேண்டும். குஞ்சு நூற்றுக்கு நூறு கோபால்ட். மாவ் பார்க்கச் சுமாராக இருப்பதால் மலிவாகக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்குத் தெரிந்தவர் அதை வாங்கிக்கொள்வார்.

வயலட்டின் அழகு நீலத்தின் மேல்தான் துலங்கும். பச்சைப் பறவையில் அது கொஞ்சம் ஆழ்ந்த பச்சையாக மட்டும் தெரிவதால் டார்க் க்ரீன் என்று தவறாக எண்ணி விற்றுவிடுவதும் உண்டு. லுட்டினோவும் அல்பினோவும் வேறு விதமாக மறைக்கும்: மெலனின் இல்லாத உடம்பில் டார்க், வயலட் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அல்பினோவின் குஞ்சில் எதிர்பாராமல் கோபால்ட் வந்தால் காரணம் அதுதான்.

ஃபிஷரில் அல்பினோ எடுப்பது

இரண்டு ஒடுங்கு நிறங்களை ஒரே பறவையில் சேர்க்க வேண்டும்: நீலம், இனோ. நீலத்தையும் லுட்டினோவையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கப் பச்சை / நீலம் / இனோ. பலர் இந்தப் பச்சைக் கூட்டத்தைப் பார்த்து மனம் வெறுத்து விற்றுவிடுவார்கள். சொத்தே அதில்தான் இருக்கிறது. இவை ஒரு வயது நிறைந்த பின் ஒன்றோடொன்று ஜோடி போட்டால் 16-இல் 9 பச்சை, 3 நீலம், 3 லுட்டினோ, 1 அல்பினோ என்ற விகிதம். ஆண்டுக்குப் பத்துக் குஞ்சு எடுத்தாலும் ஒரு அல்பினோகூட வராமல் போக ஏறத்தாழ பாதி வாய்ப்பு.

கெட்டிக்கார வழி: லுட்டினோ / நீலம் ஒன்றும் நீலம் / இனோ ஒன்றும் தேடிச் சேர்ப்பது. பச்சை, நீலம், லுட்டினோ, அல்பினோ நான்கும் கால் கால் பங்கு வரும். பச்சை / நீலம் / இனோவை அல்பினோவோடு போட்டாலும் அதே பங்குதான். அல்பினோவையே அல்பினோவோடு தலைமுறை தலைமுறையாகப் போட்டால் எல்லாம் வெள்ளையாக வரும்; உடம்பு சிறுத்துக்கொண்டே போவதாக வளர்ப்பவர்கள் குறை சொல்வதும் அந்த ஜோடிகளைத்தான். நடுநடுவே நல்ல எடையுள்ள பச்சையைக் கொண்டுவருவது அதற்காக. எந்த வழியானாலும் இரண்டு பக்கமும் வெவ்வேறு குடும்பத்துப் பறவையாக இருக்கட்டும். ஒரே பெட்டியில் பிறந்தவை சேர்ந்து கிடந்தால் தாங்களாகவே ஜோடி சேர்ந்துவிடும், சீக்கிரம் பிரிக்க வேண்டும்.

கணக்கு பிசகும் இடங்கள்

நிறக்கணக்கு பார்க்கிறவருக்குக் காலனி முறை ஒத்துவராது. பத்துப் பறவையை ஒரே பெரிய கூண்டில் விட்டால் தகப்பன் யார் என்று சொல்ல முடியாது. ஜோடிக்கு ஒரு கூண்டு. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும்.

ஜோடி மாற்றும்போது பெண்ணைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். பழைய ஆணின் விந்து பெண்ணின் உடம்பில் சில நாள் உயிரோடு தங்கும். புது ஜோடியின் முதல் முட்டைகள் பழைய ஆணுடையதாக இருக்கலாம். 'வரவே முடியாத' குஞ்சுகளில் பல இப்படி வந்தவை.

எட்டு, பத்து முட்டை ஒரே பெட்டியில் கிடந்து எல்லாம் கூமுட்டையானால் இரண்டும் பெண் என்று சந்தேகப்படலாம். ஒரு பெண் வழக்கமாக 4 முதல் 6 முட்டைதான், ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கும். அடைகாக்கும் காலம் சுமார் 23 நாள்.

குஞ்சின் நிறத்தை அவசரப்பட்டு எழுதாதீர்கள். சில அறிகுறிகளை மட்டும் அப்போதே பார்த்தாக வேண்டும். இனோ குஞ்சுக்கு மூடிய இமைக்கு அடியிலும் கண் சிவப்பாகத் தெரியும். சின்னமனின் கண் முதல் சில நாள் கருஞ்சிவப்பாக இருந்து பிறகு கருத்துவிடும், ஆகவே முதல் வாரத்தில் பார்த்தால்தான் உண்டு. ஐ ரிங்கில் பச்சைக் குஞ்சின் பூமயிர் ஆரஞ்சு கலந்திருக்கும், நீலக் குஞ்சுக்கு வெள்ளை. ஆறு வாரத்தில் குஞ்சு பெட்டியை விட்டு வெளியே வரும்போது பெரிய நிறங்கள் தெளிவாகிவிடும். டார்க்கா வயலட்டா என்ற நுணுக்கத்துக்கு முதல் இறகு உதிர்ப்பு வரை காத்திருக்க வேண்டும்.

நம் வெயிலும் கணக்கில் சேரும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. தகரக் கூரைக்குக் கீழே மரப்பெட்டி அடுப்பாகிவிடும். முட்டை உள்ளேயே காய்ந்து குஞ்சு ஓட்டுக்குள் செத்துப்போகும். பாதிக் குஞ்சு இப்படிப் போன ஈட்டை வைத்து விகிதம் பார்க்கக் கூடாது. பங்குனி பிறந்ததும் பெட்டியை எடுத்துவிட்டு, ஆடி கழிந்து மழை பிடித்த பிறகு திரும்ப வைப்பது நல்லது. பெட்டிக்குள் பச்சைத் தென்னை ஓலையைக் கிழித்துப் போட்டால் பெண் அதை நார்நாராக்கிக் கூடு கட்டும். ஓலையின் ஈரம் முட்டைக்கும் உதவும். பீச் ஃபேஸ் பெண் அந்த நாரை இடுப்பு இறகில் செருகிக்கொண்டு போவதும், ஐ ரிங் அலகில் கவ்விக்கொண்டு போவதும் வேடிக்கை பார்க்கத் தக்கவை.

நோட்டு

குஞ்சுக்கு 8 முதல் 12 நாளுக்குள் மூடிய வளையம் காலில் ஏற்ற வேண்டும். சுமார் நாலரை மில்லிமீட்டர் அளவு. முன்கூட்டிப் போட்டால் கழன்று விழும், பிந்தினால் பாதம் நுழையாது. வளைய எண்ணை நோட்டில் எழுதி அதற்கு நேரே தகப்பன் எண், தாய் எண், பொரித்த தேதி, முதல் வாரக் கண் நிறம், பூமயிர் நிறம், பெட்டியை விட்டு வந்தபோது இருந்த நிறம். ஸ்ப்ளிட் பகுதியில் 'நிச்சயம்', 'இருக்கலாம்' என்று இரண்டு கட்டம். கூமுட்டையையும் ஓட்டுக்குள் செத்ததையும் எண்ணி எழுதுங்கள்.

இந்த நோட்டுக்குச் சட்ட வேலையும் உண்டு. ஃபிஷரும் மாஸ்க்கும், வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. பீச் ஃபேஸ் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பட்டியலில் உள்ளதை வளர்ப்பவர் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்று எல்லாவற்றையும் அங்கே தெரிவிக்க வேண்டியிருப்பதால், தேதியும் வளைய எண்ணும் அன்றன்றே நோட்டில் ஏறியிருந்தால் பாதி வேலை முடிந்தது.